பதினாறு வயதில் வந்த நடுக்கம்

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வேகமாகத் தட்டச் சொன்னார் டாக்டரம்மா. ஒவ்வொரு தட்டுக்கும் விரல்களை நன்றாக அகட்ட வேண்டும் என்று அவரே செய்து காட்டினார். என் மகள் தர்ஷினி வலது கையைத் தூக்கினாள். முதல் நாலைந்து தட்டு சரியாக வந்தது. பிறகு விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே போய், பத்துப் பன்னிரண்டாவது தட்டில் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. "ஒழுங்கா தட்டு" என்று அதட்டினேன். டாக்டர் என் பக்கம் திரும்பாமலே, பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். அடுத்து இடது கை. அது பரவாயில்லை. பிறகு வராந்தாவில் நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னார். இடது கை வீசி நடந்தது. வலது கை முழங்கையில் மடங்கி, இடுப்போடு ஒட்டியபடியே போய் ஒட்டியபடியே வந்தது. நாமெல்லாம் ஒரே சுற்றில் திரும்பிவிடுவோம். அவள் ஐந்தாறு சின்ன எட்டு வைத்துத் திரும்பினாள். இதையெல்லாம் அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பார்த்ததில்லை.

அவளை உட்கார வைத்துவிட்டு டாக்டர் சொன்னார், "இதுக்குப் பேரு பார்க்கின்சோனிசம்."

எங்கள் தெருவில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். டம்ளரைப் பிடித்தால் பாதிக் காபி சட்டையில்தான் இருக்கும். அவருக்கு இந்த மாதிரி ஏதோ பெயர் சொன்னதாக ஞாபகம். அது வயதானவர்களுக்கு வருவதில்லையா, இவளுக்குப் பதினாறுதானே ஆகிறது என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். பார்க்கின்சன் என்பது ஒரு வியாதி. பார்க்கின்சோனிசம் என்பது வியாதியின் பெயர் அல்ல. உடம்பு விறைப்பது, அசைவு மெதுவாவது, நடுக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர். காய்ச்சல் என்று சொல்வதில்லையா, அதுபோல. காய்ச்சலுக்கு எத்தனையோ காரணம் உண்டு, இதற்கும் உண்டு. இந்த வயதில் வருவது அபூர்வம் என்பதால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும், வார்டில் சேருங்கள் என்றார். எனக்கு அபூர்வம் என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிறேன். தையல் முடிந்து வருகிற ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே தோல் சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் வேலை. பதினாலு வருஷ சர்வீஸ். சுமதி கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை ஜாஸ்தி. வீட்டிலும் அதே கண்தான், அதே வாய்தான்.

அந்தக் கண்ணுக்கு என்னென்ன பட்டும் புரியாமல் போனது என்று இப்போது வரிசையாகத் தெரிகிறது. பத்தாவது முடிக்கும் சமயத்திலேயே அவள் எழுத்து சிறுத்துப் போனது. வரியின் ஆரம்பத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும், கடைசியில் எறும்பு சைஸ். பரீட்சையில் நேரம் போதவில்லை என்றாள். சோம்பேறித்தனம் என்றேன். பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு, தானே ஜடை பின்னிக்கொண்டிருந்தவள் என்னைப் பின்னிவிடச் சொன்னாள். இத்தனை வயதில் செல்லமா என்று கேட்டேன். ஒரு இட்லி சாப்பிட அரைமணி நேரம். கூப்பிட்டால் திரும்ப ஒரு நிமிஷம். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது.

எல்லாவற்றையும்விட முகம். என் மகளுக்கு வாயைவிட முகம்தான் ஜாஸ்தி பேசும். புருவம் ஏறும், உதடு சுழிக்கும், பொய் சொன்னால் மூக்கு விடைக்கும். அந்த முகம் ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டது. சிரிப்பு வந்தாலும் கண்வரை போகாது. இமைகூட எப்போதோதான் மூடும். அவள் அப்பா, பாவம், ஜோக் சொல்லிப் பார்ப்பார். அவள் வெறித்துப் பார்ப்பாள். எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான், யாரோ ஒரு பையன். அவள் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்து ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒருநாள் நான் பேசப் பேச அவள் அப்படியே கல்லுப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கன்னத்தில் ஒரு அறை விட்டேன். அறை வாங்கியும் அந்த முகம் மாறவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் வலது கை, மடியில் சும்மா வைத்திருக்கும்போதே, மாத்திரை உருட்டுவதுபோல ஆட ஆரம்பித்தது. அதை என்னாலும் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியவில்லை. வேலூருக்குப் பஸ் ஏறினோம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வியாதியைவிட முதலில் பழக வேண்டியது காத்திருப்பதைத்தான். ஒரு ஹாலில் உட்கார்ந்திருப்போம், நம்பர் வரும், இன்னொரு ஹாலுக்குப் போவோம். அசாம்காரர்கள், வங்காளிகள், ஆந்திராக்காரர்கள் எல்லோரும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அதே போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நரம்புப் பிரிவு ஹாலில் இருந்த எல்லோருக்கும் தலை நரைத்திருந்தது. தர்ஷினி ஒருத்திதான் ரிப்பன் கட்டியிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், யாருக்குத் துணையாக வந்திருக்கிறாள் பாப்பா என்று என்னிடம் கேட்டார்.

முதலில் தேடியது செம்பு. சில பிள்ளைகளுக்கு உடம்பில் செம்புச் சத்து வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்கிவிடுமாம். வில்சன் வியாதி என்று பெயர். சின்ன வயதில் இப்படி வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம், ஏனென்றால் அதற்கு மருந்து இருக்கிறது. கண்ணின் கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று இருட்டறையில் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க அவள் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடித்துத் தரச் சொன்னார்கள். அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, கடவுளே, என் மகள் உடம்பில் செம்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு தாய் தன் பிள்ளைக்கு வியாதி கேட்டு வேண்டிக்கொள்வாள் என்று அதற்கு முன் சொல்லியிருந்தால் நான் செருப்பால் அடித்திருப்பேன்.

கண்ணில் வளையம் இல்லை. ரத்தத்திலும் சிறுநீரிலும் செம்பு சரியாக இருந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை சுத்தமாக இருந்தது. நல்ல செய்தி என்று நர்ஸ் சொன்னார். மருந்து இருக்கிற வியாதி கைவிட்டுப் போனது என்றுதான் எனக்குப் பட்டது.

இடையில் கேள்விகள். முதல் நாள் பெரிய டாக்டர் கேட்டார், வார்டில் சேர்க்கும்போது நர்ஸ் கேட்டார், மறுநாள் சின்ன டாக்டர் ஒருவர் நோட்டு வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார். பிறந்தபோது உடனே அழுதாளா, வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, சொந்தத்தில் கல்யாணமா, தலையில் அடிபட்டதா, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா. எல்லாக் கேள்விக்கும் நானே டக்டக்கென்று பதில் சொன்னேன். ஆமாம், இல்லை, ஒரு தடவை, இல்லை, இல்லை, இல்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் என் வீட்டுக்காரர் முருகேசன் தயங்கித் தயங்கி, தன் பெரியப்பா ஒருவருக்குக் கடைசிக் காலத்தில் கை ஆடும் என்றார். சின்ன டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பரம்பரையாக, மரபணுவில் வருவதும் உண்டு, தேவைப்பட்டால் அதற்கும் ரத்தம் அனுப்பிப் பார்ப்போம் என்றார். அப்படி இருந்தால் குணமாகுமா என்று கேட்டேன். ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும் என்றார்.

மாடிப்படி பக்கம் முருகேசனைத் தனியாக இழுத்துப்போய் நான் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை எழுதக் கை கூசுகிறது. "உங்க வம்சத்துல இருந்துதான் வந்திருக்கு. தெரிஞ்சே மறைச்சிட்டுக் கட்டிக்கிட்டீங்க" என்றேன். அந்தப் பெரியப்பா எண்பது வயது வரை இருந்தவர், சாகும் முந்தின வருஷம்தான் கை ஆடியது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசினேன். யார்மேலாவது அம்பு ஒட்டியாக வேண்டும் எனக்கு. அவர் கேட்டுவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். குடியாத்தத்தில் பவர்லூமில் லுங்கி நெய்கிறவர் அவர். நாளெல்லாம் தறிச் சத்தத்தில் நின்று நின்று வீட்டிலும் பேச்சு கம்மி. நான் திரும்பி வந்தபோது, தர்ஷினியின் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அவளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தார். அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடுகிற விரல்கள். இத்தனை வருஷத்தில் அவர் அவள் முடியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து தினமும் அவர்தான் பின்னினார்.

பக்கத்துக் கட்டிலில் மேல்விஷாரத்திலிருந்து ஒரு பெரியம்மாள் சேர்ந்திருந்தார். அவருக்குப் பார்க்கின்சன் வந்து ஒன்பது வருஷம். கூட இருந்தது மகள் பாத்திமா அக்கா. நாலு நாள் பழக்கம்தான், ஆனால் ரொட்டி வாங்கினால் எங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்குவார். அம்மாவுக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எதற்கு முன் சாப்பாடு, எதற்குப் பின் என்று ஒரு நர்ஸைவிடத் தெளிவாகச் சொல்வார். ஒருவேளை இந்த வியாதிதான் என்று ஆகிவிட்டால் நானும் இப்படித்தான் ஆகப்போகிறேன் என்று அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. என் மகளுக்கு அந்த ஒன்பது வருஷம் முடியும்போது இருபத்தைந்துதான் ஆகும். இந்தக் கணக்கை நான் போடாத மணி இல்லை.

நாலாம் நாள் காலை. டீ வந்திருந்தது. தர்ஷினி எழுந்து உட்கார்ந்ததும் தலை சுற்றுகிறது என்றாள். நான் பர்ஸைத் திறந்து அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன்.

"இன்னா மாத்திரை அது?" என்றார் பாத்திமா அக்கா.

"தலசுத்துக்கு அக்கா. எப்பவும் போடறதுதான்."

"எப்பவும்னா?"

நான் பதில் சொல்வதற்குள் அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். தலையணைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சீட்டை எடுத்தார். அவர் அம்மாவுக்கு எந்தெந்த மருந்தைத் தரவே கூடாது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த சீட்டு அது. அட்டையில் பொடி எழுத்தில் இருந்த மருந்துப் பெயரையும் சீட்டையும் விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார். பிறகு எட்டி, தர்ஷினியின் உள்ளங்கையிலிருந்த மாத்திரையை எடுத்துக்கொண்டார்.

"இதேதான்மா. எங்கம்மாவுக்கு ஒரு தடவ வாந்திக்குன்னு தெரியாம குடுத்துட்டு, ஒரு வாரம் கட்டையாட்டம் கெடந்தாங்க. நர்ஸக் கூப்புடு."

நர்ஸ் வந்தார், அவர் போய்ச் சின்ன டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாவது படிக்கும்போது அரையாண்டுப் பரீட்சை சமயம் ஆரம்பித்தது. ரெண்டு வருஷம் ஆகப்போகிறது என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, பரீட்சை நேரத்தில் மூன்று என்றேன்.

"மூணு தடவ கேட்டோமேம்மா, வேற மாத்திரை உண்டான்னு" என்றார்.

"அத மாத்திரைன்னே நெனக்கல சார்" என்றேன்.

இது நடிப்பு இல்லை. எப்படி நினைக்காமல் இருந்தேன் என்று சொல்கிறேன். எங்கள் லைனில் தோல் ஒட்டுகிற இடத்தில் சொல்யூஷன் நாற்றம் தலையைப் பிளக்கும். புதிதாக வருகிற பெண்களுக்கு மயக்கம், வாந்தி. முதலுதவி அறைக்குப் போகலாம்தான். ஆனால் சூப்பர்வைசரிடம் சொல்லி, சீட்டு வாங்கி, போய்த் திரும்புவதற்குள் டார்கெட் போய்விடும். அதனால் மாத்திரை கைமாறிப் போகும். ஒரு காலத்தில் எனக்குத் தலைசுற்றல் வந்தபோது ஊரில் ஒரு டாக்டர் ஐந்து நாளுக்கு என்று எழுதிக் கொடுத்த மாத்திரை அது. உடனே கேட்டது. அதற்குப் பிறகு நானே அட்டை அட்டையாக வாங்கி செக்கிங் டேபிள் டிராயரில் வைத்துவிட்டேன். யாருக்கு முடியவில்லை என்றாலும் சுமதி அக்காவிடம் வருவார்கள். மெடிக்கலிலும் சீட்டு கேட்பதில்லை. தைலம்போல, இஞ்சி மிட்டாய்போல அது எங்களுக்கு. தர்ஷினிக்குக் குடியாத்தம் பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் வாந்தி வரும். அந்தக் கூட்டத்தில் வாந்தி எடுத்துவிட்டேன் என்று ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். என் பிள்ளைக்கு இல்லாத மாத்திரையா என்று டிராயரிலிருந்து எடுத்து வந்தேன். அவளுக்கு முதல் மாத்திரை கொடுத்தது என் கை. வார்டில், அத்தனை டாக்டர்களுக்கு நடுவில், நாலு நாளும் கொடுத்ததும் அதே கை.

பெரிய டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைவிட தர்ஷினியைப் பார்த்துத்தான் பேசினார். மூளையில் டோபமைன் என்று ஒன்று சுரக்கிறது. நாம் நினைத்ததும் உடம்பு அசைவதற்கு அது வேண்டும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் இந்த மாத்திரை போய் உட்கார்ந்துகொள்கிறது. வாந்தி நிற்பதும் அதனால்தான், கை கால் விறைப்பதும் அதனால்தான். ஓரிரு நாளுக்கு என்றால் பெரும்பாலும் பயமில்லை. வருஷக்கணக்கில் தினமும் எடுத்தால் சிலருக்கு இப்படி ஆகும். வயதானவர்களுக்குத்தான் ஜாஸ்தி, சின்ன வயதிலும் உண்டு. இந்த மருந்தே பல பெயர்களில் வருகிறது, இதே வேலையைச் செய்கிற வேறு மருந்துகளும் உண்டு. நான் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். ஒரு பெயரை எழுதினால், நம் வீட்டில் இருப்பது அது இல்லை என்று நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

"நிறுத்திட்டா சரியாப் போயிடுமா மேடம்?" என்று முருகேசன்தான் கேட்டார்.

"பெரும்பாலும் சரியாகும். ஆனா மாசக்கணக்குல ஆகும். சில பேருக்கு உள்ள ஏற்கெனவே வியாதி ஒளிஞ்சிருக்கும், மாத்திரை அத சீக்கிரமா வெளிய கொண்டுவந்திருக்கும். அவங்களுக்கு நிறுத்தினாலும் போகாது. இவ எந்தப் பக்கம்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. ஆறு மாசம் பாக்கணும்."

மரபணுப் பரிசோதனையை அதுவரை தள்ளி வைத்தார்கள். மறுநாள் எங்களை அனுப்பிவிட்டார்கள். நான் பயந்துகொண்டு பி.எஃப். பணத்தில் கடன் கேட்டு எழுதியிருந்தேன். பில் அந்த அளவுக்குப் போகவில்லை. பாத்திமா அக்கா வாசல் வரை வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னைத் தேற்றினாரே தவிர, உன்மேல் தப்பில்லை என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

கிளம்புவதற்கு முன் முருகேசனிடம் மன்னிப்புக் கேட்டேன், அதே மாடிப்படி பக்கம். "இனிமே எங்க பெரியப்பா பேர இழுக்காத" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

தர்ஷினியிடம் வீட்டுக்கு வந்த பிறகு சொன்னேன். அவளுக்கு எல்லாம் தெரியும், கட்டிலில் அவள் எதிரில்தான் எல்லாம் நடந்தது. இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். அம்மாதான் உனக்கு இப்படிப் பண்ணிட்டேன், தெரியாமப் பண்ணிட்டேன் என்றேன். அவள் பார்த்தாள். இமைக்கவில்லை. கோபமா, வருத்தமா, போனால் போகட்டும் என்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "ம்" என்றாள். எனக்கு அந்த ஒரு எழுத்தில் தொங்கிக்கொண்டு ஆறு மாசம் ஓட்ட வேண்டியிருந்தது.

கம்பெனிக்குத் திரும்பிய அன்றே டிராயரில் இருந்ததையெல்லாம் எடுத்து வந்து எங்கள் லைன் பெண்களைக் கூட்டிச் சொன்னேன். யார் யார் தினமும் போடுகிறீர்களோ டாக்டரிடம் போய்க் காட்டுங்கள் என்றேன். சிலர் பயந்தார்கள். ஒருத்தி, இத்தனை நாள் நீதானே கொடுத்தாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். ஆமாம், நான்தான் கொடுத்தேன் என்றேன். இப்போது எங்கள் லைனிலிருந்துதான் முதலுதவி அறைக்குச் சீட்டு ஜாஸ்தி போகிறது. சூப்பர்வைசருக்கு என்மேல் கடுப்பு. இருக்கட்டும்.

முதல் மாசம் ஒரு மாற்றமும் இல்லை. ரெண்டாம் மாசமும் இல்லை. பஸ்ஸில் வாந்தி எடுத்தாள், கூட ஒரு பாலிதீன் பை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இந்த அற்பப் பைக்குப் பதிலாகத்தானே அந்த மாத்திரை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். அவள் தூங்கும்போது, சாப்பிடும்போது, எழுதும்போது கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் நோட்டை மூடிவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். மூன்றாம் மாசக் கடைசியில் ஒருநாள் மடியில் கை சும்மா கிடந்தது. சும்மா கிடந்த கையைப் பார்த்து நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். அதற்கப்புறம் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. ஐந்தாம் மாசம் அவளே ஜடை பின்னினாள். முருகேசனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

ஆறு மாசம் கழித்து மறுபடி வேலூர். அதே அறை, அதே டாக்டர். விரல்களைத் தட்டச் சொன்னார். தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள், போதும் என்று அவரே நிறுத்தச் சொல்லும் வரை. வராந்தாவில் நடந்தாள். ரெண்டு கையும் வீசியது. ஒரே சுற்றில் திரும்பினாள். டாக்டர் ஃபைலில் எழுதினார். மாத்திரையால் வந்ததுதான், உள்ளே வேறு வியாதி இருப்பதாகத் தெரியவில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து காட்டுங்கள் என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்து, எப்படி இருக்கே என்று கேட்டார்.

"நல்லா இருக்கா மேடம்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். முருகேசன் டீ வாங்கப் போனார். அவர் நகர்ந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். நான் பயந்துபோனேன். புருவம் ரெண்டும் சேர்ந்து நெற்றியில் கோடு விழுந்திருந்தது. மூக்கு விடைத்திருந்தது. உதடு கோணியது. ஒரு வருஷத்துக்கு மேலாக நான் பார்க்காத முகம்.

"என்னைத்தாம்மா கேட்டாங்க" என்றாள். "இன்னிக்கும் என்னைத்தான் கேட்டாங்க, மொத நாளும் என்னைத்தான் கேட்டாங்க. வேற மாத்திரை சாப்புடுறியான்னு என்னப் பாத்துத்தான் கேட்டாங்க. எனக்குத் தெரியும். சொல்லலாம்னுதான் இருந்தேன். வாய் தொறக்கவே நேரமாச்சு எனக்கு. அதுக்குள்ள நீ இல்லன்னுட்ட. அப்புறம் கேட்டப்பல்லாம் நீ சொன்னதே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அந்த மரத்துப்போன முகத்துக்குப் பின்னால் ஆறு மாசமாக, அதற்கும் முன்னாலிருந்து, இது இருந்திருக்கிறது. அறை வாங்கிய அன்று என்ன இருந்ததோ. தெரியலையே பாப்பா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத. நான் முடிக்கல" என்றாள்.

நாங்கள் ஏற வேண்டிய பள்ளிகொண்டா பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். டீயோடு வந்த முருகேசன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தள்ளியே நின்றுகொண்டார். பஸ் கிளம்பிப் போனது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.